பாலில் கழுவிய கை

முதல் மேசையின் முதல் தொட்டியைப் பார்த்ததுமே ரோஸ்விதா ஷ்வெங்குக்குத் தெரிந்துவிட்டது. செடிக்கு வைரஸ் வந்திருந்தது. வர வேண்டியதுதான். பதினோரு நாளுக்கு முன் அவளே இலையில் தேய்த்து ஏற்றியது. ஆனால் இது அந்த வைரஸ் இல்லை.

அவர்கள் வளர்க்கிற வைரஸ் அடக்கமானது. இலையில் வெளிறிய புள்ளிகள் போடும், அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் வெயில் பட்ட மாதிரி இருக்கும். இந்த இலையில் கரும்பச்சைத் திட்டுகள் புடைத்து நின்றன. ஓரம் சுருண்டிருந்தது. இரண்டாம், மூன்றாம், நான்காம் தொட்டிகளிலும் அப்படியே. ஐந்தாவதிலிருந்து எல்லாம் சாதுவாக இருந்தன.

முதல் நான்கு தொட்டி. அன்று அவள் கை தொடங்கிய இடம்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பசுமைக்குடிலில் புகையிலை வளர்ப்பவள். கருவி கண்டுபிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே இலை அவளிடம் சொல்லிவிடும். அதை நாலு பேரிடம் பெருமையடித்துக்கொள்வதும் உண்டு. அன்று யாரிடமும் சொல்லவில்லை. நான்கு தொட்டிகளையும் பையில் கட்டி நீராவிப் பெட்டியில் வைத்தாள். குடிலின் குறிப்பேட்டில் ‘நான்கு செடி, தண்டு அழுகல்’ என்று எழுதினாள். எழுதிய பிறகு பேனாவின் மூடியைத் தேடினாள். அது அவள் வாயில் இருந்தது.

நிறுவனம் நெக்கார் ஆற்றுக்கு மேலே, திராட்சைத் தோட்டங்கள் முடிகிற மேட்டில் இருந்தது. அங்கே யாரும் வைரஸை ஒழிக்கப் பாடுபடவில்லை. அதை வைத்துப் பொருள் செய்தார்கள். புகையிலையைப் பிடிக்கிற இந்த வைரஸ் ஒரு குச்சி. நேரான குச்சி, நடுவில் துளை, எல்லாம் ஒரே நீளம். ஒரு தலைமுடியின் அகலத்தில் நாலாயிரத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம். இத்தனை சின்னதை இத்தனை ஒழுங்காகக் கடைய எந்தப் பட்டறையாலும் ஆகாது. செடி ஒரே இலைக்குள் கோடிக்கணக்கில் செய்து தள்ளிவிடும்.

அந்தக் குச்சியின் மேலெல்லாம் கொக்கி முளைக்க வைத்தவள் வீப்கெ தியார்க்ஸ். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். வைரஸின் மரபில் ஒரே ஓர் இடத்தை மாற்றினாள். குச்சிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கொக்கி வந்தது. கரைத்த மணலில் அதைப் போட்டால், மணல் கொக்கியைப் பிடித்துக்கொண்டு குச்சியைச் சுற்றி இறுகும். நிறுவனத்தில் அதற்குச் சட்டை போடுவது என்று பெயர். சட்டை போட்ட குச்சிகளை ஆஹன் நகரத்தில் ஒரு குழு வாங்கி, ஒரு சில்லின் மேல் புல் மாதிரி நட்டு, பாலில் தங்கிவிட்ட மாட்டு மருந்தை மோப்பம் பிடிக்கும் கருவி செய்துகொண்டிருந்தது.

வீப்கெ பாலைத் தொடமாட்டாள். முட்டை இல்லை, தேன்கூட இல்லை.

“பால் குடிக்காதவ பாலுக்கு மூக்கு செய்யறா,” என்று ரோஸ்விதா வாரம் ஒரு தடவையாவது சொல்வாள்.

“குடிக்கிற உன்னை நினைச்சா பாவமா இருக்கு, அதான்,” என்பாள் வீப்கெ.

வடக்குக் கடற்கரைக்காரி. தெற்கே வேலைக்கு வருகிற வடக்கத்தியர்களை மீன்தலை என்பார்கள்; ரோஸ்விதாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். எப்போதும் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கும் தெற்கத்தியரில் ஒருத்தி என்று வீப்கெ பதிலுக்கு இவளைப் பெருக்குமாறு என்பாள். ஒருத்திக்கு ஐம்பத்தெட்டு, மற்றவளுக்கு முப்பது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு அறுவடை முடிந்த சாயங்காலம் ஆப்பிள் மது குடித்து, ‘நீங்க’வை விட்டு ‘நீ’க்கு வந்திருந்தார்கள்.

இந்த வருஷம் வீப்கெவுக்குச் சரியில்லை. மார்ச் மாதம் குளிர்பெட்டி நின்றுபோய் முதல் அறுவடை பாழானது. ஆஹனில் அவளுக்காக ஜூலை இருபதாம் தேதி தொடங்கி இரண்டு வாரம் கருவியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். அவள் ஒப்பந்தமோ செப்டம்பரோடு முடிகிறது. அந்த அளவீடு இல்லாமல் பட்டம் இல்லை. இதெல்லாம் ரோஸ்விதாவுக்குத் தெரியும். பையைக் கட்டும்போதும் தெரிந்துதான் இருந்தது.

குடிலுக்குள் புகையிலைச் செடி நிறைந்திருக்கும்; ஆனால் சிகரெட் பிடிக்கிற ஆள் உள்ளே நுழைய முடியாது. கடையில் விற்கிற புகையிலைத் தூளில் காட்டு வைரஸ் குந்தியிருக்கும். காயவைத்தாலும் போகாது, நறுக்கினாலும் போகாது. விரலில் ஒட்டி வந்து செடியில் ஏறினால், கொக்கி சுமந்துகொண்டு மெதுவாகப் போகிற வீட்டு வைரஸை முந்திக்கொண்டு பெருகும். புகையிலைக்குப் புகையிலையே எமன். அதனால் ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள்: புகைப்பதில்லை, புகையிலையைத் தொடுவதுமில்லை.

தாளை மட்டும் நம்பி விடவில்லை. முன்னறையில், உள்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் கிண்ணம். அதில் கொழுப்பு நீக்கிய பால், தூளைக் கரைத்து ஊற்றியது. முதலில் பாலில் கை, பிறகு சோப்பு, பிறகு தண்ணீர், பிறகு கையுறை. பாலில் இருக்கும் புரதம் வைரஸைப் பொதிந்து முடக்கிவிடும். உலகத்தில் இதற்கு இதைவிட நல்ல மருந்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ரோஸ்விதா சிகரெட் பிடிப்பதில்லை. ஆனால் பதினோரு மாதமாக ஒவ்வொரு காலையும் ஆறு சிகரெட் சுருட்டினாள்.

அவளுடைய தம்பி கெப்ஹார்டுக்காக. அவன் கீழ்வீட்டில் இருந்தான். கருவிப் பட்டறையில் வேலை பார்த்தவன். போன ஜூலையில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சில் பாதியும் போய்விட்டது. கடையில் விற்கிற சிகரெட் அவனுக்கு வைக்கோல். முப்பது வருஷமாகத் தானே சுருட்டிப் பழகியவன். இடது கையால் முயன்று பார்த்தான். தூள் எல்லாம் மடியில். மருத்துவர் விடச் சொன்னார். இவன் மருத்துவரை விட்டான். ரோஸ்விதா ஒரு நாள் காகிதத்தைக் கையில் எடுத்தாள். அன்றிலிருந்து காலை ஆறரைக்கு அவன் மேசையில் உட்கார்ந்து ஆறு சுருட்டி, தகரப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அந்தக் கால் மணி நேரம் மட்டும் அவன் கொஞ்சம் பேசினான்.

பேருந்து ஏறுமுன் கையைக் கழுவுவாள். நிறுவனத்தில் பாலில் கழுவுவாள், நிதானமாக, நகக்கண் வரை. பதினோரு மாதத்தில் ஒன்றும் வரவில்லை. ஜனவரியில் தாள் வந்தபோது கையெழுத்தும் போட்டாள்.

*

வியாழக்கிழமைக்குள் இன்னும் ஒன்பது செடிகளில் திட்டு எழுந்தது. அதை அவள் கண் மட்டும்தான் பிரித்துக் காணும். இனி பிடுங்கினால் எண்ணிக்கை இடிக்கும். வெள்ளிக்கிழமை அறுவடை. மீதி ஐம்பத்தாறு செடிகளின் இலைகளையும் வீப்கெவோடு சேர்ந்து வெட்டி, எடை போட்டு, அரைக்கக் கொடுத்தாள். வீப்கெ விசிலடித்துக்கொண்டே வெட்டினாள். விசில் வடக்கு ரகம், ராகம் ஒன்றும் இல்லாதது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் எலக்ட்ரான் நுண்ணோக்கியிலிருந்து ஒரு படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குடிலின் முன்னறைக்கு வந்தாள். விசில் இல்லை.

“மூணுல ஒண்ணு அம்மணமா நிக்குது,” என்றாள்.

படத்தில் சாம்பல் வெளியில் குச்சிகள் சிதறிக் கிடந்தன. சில தடிமனாக, மணல் சட்டையோடு. சில மெலிந்து, வெறும் உடம்போடு. கொக்கி இல்லாதவை. ரோஸ்விதா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இலையில் பார்த்ததைத்தான் மறுபடி பார்த்தாள்.

பேராசிரியர் ரீக்கர் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார். பத்து மணிக்கு வெண்ணெய் தடவிய ஒரு ப்ரெட்ஸலை, உப்புக்கல் தூவிய முறுக்கு ரொட்டியை, தின்றுகொண்டுதான் அவர் எதையும் முடிவு செய்வார். அன்று மணி மூன்று, ஆனாலும் தின்றார். இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும் என்றார். ஒன்று, சுமை தாங்காமல் வைரஸே கொக்கியைக் கழற்றிப் போட்டிருக்க வேண்டும். அப்படியானால் யார் தப்பும் இல்லை. அல்லது வெளியிலிருந்து வேறு வைரஸ் வந்திருக்க வேண்டும். மரபு வரிசையைப் படித்தால் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை படித்தாயிற்று. வெளியிலிருந்து வந்ததுதான். சிகரெட்டில் வழக்கமாகக் காணப்படும் வகை.

ஏப்ரல் மாதம் வெப்பக்குழாய் பழுது பார்க்க வந்த ஆளை உடனே எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. வாசலில் நின்று மூன்று சிகரெட் பிடித்தானாம். ஒருவர் நான்கு என்றார். ரோஸ்விதா வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் வந்தபோது இந்தச் செடிகள் விதையாகக்கூட மண்ணில் இல்லை என்று ரீக்கர்தான் சொன்னார்.

பிறகு அவர் சொன்னது இது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத வரை மண்ணை நம்ப முடியாது, தண்ணீர்த் தொட்டியை நம்ப முடியாது, இரண்டாம் அறையில் தயாராக நிற்கிற அறுபது நாற்றுகளையும் நம்ப முடியாது. குடிலையே காலி செய்து நீராவி விட வேண்டும். எட்டு வாரம். தெரிந்துவிட்டால் வேறு கதை. சனிக்கிழமை அந்த நாற்றுகளில் தேய்த்தால் ஜூலை இருபதுக்கு ஆஹன் போய்ச் சேரலாம்.

“யாருன்னு நான் கேக்கப் போறதில்ல,” என்றார். “எங்கேன்னு தெரிஞ்சா போதும். நாளை மத்தியானம் வரைக்கும் நீராவி வண்டிக்குச் சொல்லாம இருக்கேன்.”

வீப்கெ விரலில் வாரங்களை எண்ணினாள். நான்காவது விரலிலேயே ஜூலை இருபது வந்துவிட்டது.

*

வெள்ளிக்கிழமை காலை ரோஸ்விதா மூன்று சிகரெட் சுருட்டி நான்காவதில் நின்றுவிட்டாள். காகிதம் கையில் இருந்தது. தூளை எடுக்கவில்லை.

கெப்ஹார்ட் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பொருள்களின் பெயர்கள் வராது. சுற்றி வளைத்துத்தான் பேச்சு.

“கை... என்ன ஆச்சு?”

அவள் சொன்னாள். தாளைப் பற்றி, நான்கு தொட்டியைப் பற்றி, குறிப்பேட்டில் எழுதியதைப் பற்றி. சொன்னால் வேலை போகலாம் என்றாள். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மூன்று வருஷம் போகும் என்றாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரி படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்த... கடல்காரி. கெட்டிக்காரியா?”

“ஆமா.”

“அப்ப சொல்லு.” பிறகு தகரப் பெட்டியை இடது கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “இன்னிக்கு மூணு... போதும்.”

அவனிடம் இருந்து இதற்கு மேல் ஒரு தியாகத்தை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

வீப்கெ முன்னறையில் தரையில் உட்கார்ந்து பழைய குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் தேடியது தேதிகளை. ரோஸ்விதா கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை.

“தேடாத. என் கைதான்,” என்றாள்.

நின்றபடியே எல்லாம் சொன்னாள். தம்பி, ஆறு சிகரெட், பதினோரு மாதம். தினமும் பாலில் கழுவியதைச் சொன்னாள். நாற்றுகளில் வைரஸைத் தேய்த்த அன்றும் கழுவினாள். கையுறையை மாட்டும்போது விரல் நுனியைப் பிடித்து இழுக்கத்தானே வேண்டும், அப்படித்தான் ஒட்டியிருக்கும் என்றாள்.

“அதுதான் புரியல. பாலைத் தாண்டி எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியல.”

வீப்கெ குறிப்பேட்டை மூடினாள். கோபப்படுவாள் என்று ரோஸ்விதா காத்திருந்தாள். கோபம் வரவில்லை. முகத்தில் வேறு ஏதோ வந்தது.

“தேய்ச்சது என்னிக்கு? திருவுடல் திருநாள் அன்னிக்கா?”

“ஆமா. செடிக்கு ஏது லீவு? நாத்து பதத்துல இருந்துச்சு, வந்து தேய்ச்சுட்டுப் போனேன்.”

“நீ வருவேன்னு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சா என்ன?”

வீப்கெ எழுந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்த ஊர் வீடுகளில் படிக்கட்டைப் பெருக்குவதற்கு முறைவாரம் உண்டு. யார் வாரமோ அவர் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். ரீக்கர் அதே பழக்கத்தை நிறுவனத்துக்கும் கொண்டுவந்திருந்தார். பலகை யார் மேசையில் தொங்குகிறதோ அவர் முன்னறையைப் பெருக்கி, கை கழுவும் தொட்டியைத் தேய்த்து, கிண்ணத்தில் பால் நிரப்ப வேண்டும். அந்த வாரம் பலகை வீப்கெவின் மேசையில் தொங்கியது.

புதன்கிழமை சாயங்காலம் பார்த்தால் பால்தூள் தீர்ந்துபோயிருந்தது. நாளைக் காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். வியாழன் காலை கடைக்குப் போனால் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. தெருவில் பூக்களால் கம்பளம் போட்டு, ஜனங்கள் குடை பிடித்த பாதிரியாருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

“எங்க ஊர்ல அன்னிக்குச் சாதாரண வியாழக்கிழமை,” என்றாள். “மூணு வருஷம் இங்க இருந்தும் அந்த நாளை நான் ஞாபகம் வெச்சுக்கிட்டதே இல்ல.”

கிண்ணம் காலியாக இருக்கக் கூடாது என்பது விதி. நிறுவனத்துக்கு வந்து, குளிர்பெட்டியில் இருந்த தன் ஓட்ஸ் பாலை ஊற்றி வைத்தாள். யாரும் வரப்போவதில்லை, வெள்ளிக்கிழமை நல்ல பாலாக மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை பாதி நிறுவனமே விடுப்பு எடுத்தது. அவளும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

ஓட்ஸ் பாலில் வைரஸை முடக்குகிற புரதம் கிடையாது. அது வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். இது அந்த மேட்டில் யாரைவிடவும் வீப்கெவுக்கு நன்றாகத் தெரியும்.

ரோஸ்விதா தன் கைகளைப் பார்த்தாள். பால் காயும்போது தோலைப் பிடித்து இறுக்கும். அன்று இறுக்கவில்லை. வழவழவென்று இருந்தது. வெயில் நாள், அதனால்தான் போல என்று எண்ணிக்கொண்டது இப்போது ஞாபகம் வந்தது. மறுநாள் கிண்ணத்தின் அடியில் மாவு மாதிரி ஏதோ தங்கியிருந்தது. மீன்தலை அவள் வாரத்தைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை, பால் கெட்டுப்போகிற வரை விட்டிருக்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டு அவளே கொட்டிவிட்டு, கடை திறந்திருந்த அந்த வெள்ளிக்கிழமை புதுப் பாக்கெட் வாங்கி நிரப்பினாள்.

“அப்ப ஒரே ஒரு நாள்தான்,” என்றாள் வீப்கெ மெதுவாக. “அந்த ஒரு நாள்தான் கிண்ணத்துல பால் இல்ல. ரெண்டாம் அறை நாத்து அன்னிக்கு முளைக்கவே இல்ல.”

“ஆமா.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை, ஆனாலும் சிரித்தார்கள். வீப்கெ கண்ணைத் துடைத்துக்கொண்டு, பால் குடிக்காதவளின் வினை என்று ஏதோ சொன்னாள். ரோஸ்விதாவுக்கு அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ள ஆசையாக இருந்தது. நிறுத்தியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

“இன்னொண்ணு இருக்கு,” என்றாள். “போன வாரம் திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். இலையில பார்த்தேன். நாலு செடியை எடுத்துட்டு அழுகல்னு எழுதிட்டேன்.”

வீப்கெவின் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே நின்றது. தரையில் கிடந்த குறிப்பேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். படித்தாள்.

“பதினோரு நாள்,” என்றாள். “அறுவடை அன்னிக்கு என் பக்கத்துலயே நின்னு வெட்டுனீங்களே.”

நீங்க. ரோஸ்விதா அதைக் கேட்டாள்.

*

ரீக்கர் இருவரையும் நிற்க வைத்தே கேட்டார். ப்ரெட்ஸல் தீர்ந்த பிறகு உப்புக் கற்களை மேசையிலிருந்து விரலால் ஒற்றி எடுத்தார்.

“நீங்க பாலை மாத்தி ஊத்தினது மட்டும் நடந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது,” என்றார் வீப்கெவைப் பார்த்து. பிறகு ரோஸ்விதாவிடம் திரும்பினார். “நீங்க சிகரெட் சுருட்டினதால மட்டும் ஒண்ணும் ஆகல, பதினோரு மாசமா. ரெண்டு பேரும் நாள் பார்த்துச் செஞ்சிருக்கீங்க.”

ரோஸ்விதா மட்டும் வந்து சொல்லியிருந்தால் பதினோரு மாதத்துச் செடி, மண், விதை எல்லாவற்றையும் எரித்திருப்பேன் என்றார். வீப்கெவும் வந்ததால் ஒரு நாள் என்று ஆயிற்று. இரண்டாம் அறை சுத்தம். நாளைக்குத் தேய்க்கலாம். நீராவி வண்டி வேண்டாம்.

வீப்கெ மறுபடி விரலில் வாரங்களை எண்ணினாள்.

“ஃப்ராவ் ஷ்வெங்க்,” என்றார் அவர். “நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“போட்டிருக்கேன்.”

எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கோப்பில் போகும் என்றார். குறிப்பேட்டுக்காக. வேலை இருக்கும். ஆனால் புகையிலையைத் தொடுகிற வரை குடிலுக்குள் போக முடியாது. மண் கலக்கிற கொட்டகையிலும் விதைக் கிடங்கிலும்தான் வேலை. தொடுவதை நிறுத்திவிட்டால் மறுநாளே உள்ளே வரலாம். தம்பிக்கு வேறு யாராவது சுருட்டிக் கொடுக்க முடியாதா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

ரோஸ்விதா யோசித்தாள். எதிர்வீட்டுக்காரியை நினைத்தாள். வாரம் இருமுறை வருகிற செவிலியை நினைத்தாள். காலை ஆறரை மணியை நினைத்தாள்.

“முடியாது, ஹெர் ரீக்கர்,” என்றாள்.

சனிக்கிழமை வீப்கெ தனியாக இரண்டாம் அறைக்குள் போனாள். வைரஸுக்கே கொக்கி முளைக்க வைக்கத் தெரிந்தவளுக்கு ஒரு நாற்றின் இலையைப் பிடிக்கத் தெரியவில்லை. இலையை லேசாகக் கீறுகிற நுண்பொடியை மேலே தூவி, வைரஸ் கரைசலை விரலில் தொட்டுத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் இலை செத்துப்போகும். அழுத்தாவிட்டால் வைரஸ் ஏறாது. முதல் ஆறு இலை கிழிந்தது. ஏழாவதில் அவள் விரலை எடுத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது.

வெளியே, செடிப் புதருக்குள் ரோஸ்விதா நின்றிருந்தாள். அன்று அவளுக்கு வேலை நாள் இல்லை. கையில் மதியத்துக்குக் கொண்டுவந்த ரொட்டி. அதைப் பிரித்து நடுவிலிருந்த கீரை இலையை உருவினாள். இடது உள்ளங்கையில் விரித்து, கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். வலது விரலால் காம்பிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. மறுபடி. உள்ளங்கை கீழே தாங்க வேண்டும், விரல் மேலே போக வேண்டும். விரலுக்கு எடையே கூடாது. கீரையில் வெண்ணெய் ஒட்டியிருந்தது.

வீப்கெ பார்த்தாள். சிரிக்கவில்லை. அதே மாதிரி உள்ளங்கையைக் கீழே கொடுத்து எட்டாவது இலையைத் தேய்த்தாள். ரோஸ்விதா தலையை ஆட்டினாள். இல்லை, இன்னும் மெதுவாக. ஒன்பதாவது. பத்தாவது. பத்தாவதுக்கு ரோஸ்விதா ஒன்றும் சைகை செய்யவில்லை. அப்படியென்றால் சரி.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கடைசி நாற்று முடிந்து வீப்கெ நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு வெளியே யாரும் இல்லை. கீரை இலை மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் ரோஸ்விதா தினமும் கொட்டகையிலிருந்து வந்து வெளிப்பக்கமாக ஒரு சுற்று சுற்றினாள். ஒவ்வொரு தொட்டிக்கும் எதிரே நின்று இலையைப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் வெளிறிய புள்ளி எழுந்தது. எங்கும் கரும்பச்சை இல்லை. அதைச் சொல்ல ஆள் இல்லை. வீப்கெ அவளிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள், அதுவும் ‘நீங்க’ போட்டு. தண்ணீர் எவ்வளவு என்று கேட்பாள். ரோஸ்விதா எவ்வளவு என்று சொல்வாள். அவளைக் குறை சொல்ல ரோஸ்விதாவுக்குத் தோன்றவில்லை.

ஜூலை பதினெட்டு, சனிக்கிழமை. ரோஸ்விதா கொட்டகையில் மண் சலித்துக்கொண்டிருந்தாள். சேர்ந்துபோன வேலையை முடிக்க அன்று வந்திருந்தாள். வீப்கெ வாசலில் வந்து நின்று ஒரு படத்தை நீட்டினாள். ரோஸ்விதா கையைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். சாம்பல் வெளி, நிறைய குச்சிகள். எல்லாம் தடித்து, சட்டையோடு கிடந்தன. மூக்கு படத்தில் படுகிற அளவு குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இந்த மூலையில ஒண்ணு அம்மணமா இருக்கு.”

“அது உடைஞ்ச துண்டு.”

“துண்டுக்கும் சட்டை போடலாம்ல.”

வீப்கெ படத்தைத் திரும்ப வாங்கவில்லை. நாளைக்கு ஆஹன் ரயில், விடியற்காலை ஐந்தரைக்கு என்றாள். பெட்டியைத் தனியாகத் தூக்க முடியுமா என்று ரோஸ்விதா கேட்டாள். முடியும் என்றாள். பிறகு பைக்குள்ளிருந்து முறைவாரப் பலகையை எடுத்து வாசல் ஆணியில் மாட்டினாள்.

“திங்கக்கிழமையிலேர்ந்து உன் வாரம்,” என்றாள். “முன்னறைக்கு நீ வரலாமாம். உள்கதவைத் தாண்டக் கூடாது. கேட்டுட்டேன்.”

அவள் போன பிறகுதான் ரோஸ்விதா பலகையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ரீக்கரின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: பால் என்றால் பசும்பால். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து எல்லா விடுமுறை நாட்களையும் எழுதியிருந்தது. தெற்கு விடுமுறைகள் ஒன்று விடாமல் இருந்தன.

திங்கட்கிழமை காலை ஆறு சிகரெட்டைச் சுருட்டிவிட்டு நிறுவனத்துக்கு வந்தாள். முன்னறையைப் பெருக்கினாள். தொட்டியைத் தேய்த்தாள். பால்தூளைக் கரைத்துக் கிண்ணத்தை நிரப்பினாள். உள்கதவுக்கு அந்தப் பக்கம் வேறு ஒருவர் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. உள்ளே போகப் போவதில்லை. ஆனாலும் இரு கைகளையும் மணிக்கட்டு வரை பாலில் விட்டு, நகக்கண் வரை கழுவி, வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பால் காய்ந்தது. தோல் இறுகியது. சோப்பை எடுத்தாள்.